டீச்சர், இஞ்ச வா

தரம் ஒண்டு படிப்பிக்கிற ஆக்களுக்குத் தெரியும், முதல் கிழமை எண்டா அது படிப்பிக்கிற கிழமையே இல்ல. அழுறதுகளத் தூக்கி, கேற் பக்கம் ஓடுறதுகளப் பிடிச்சி, ஒண்டுக்குப் போகணும் எண்டு சொல்லத் தெரியாம நெளியிறதுகளுட முகத்தப் பார்த்தே விளங்கி வெளியால கூட்டிப்போய்க் கூட்டிவந்து, இப்பிடியே பதினொண்டரை ஆயிடும். புதுப் புள்ளையள வரவேற்கிற கால்கோள் விழாவுக்கு தரம் ரெண்டுப் புள்ளையள் போட்ட மாலையும் கடதாசிக் கிரீடமும் அடுத்த நாளும் போட்டுக்கொண்டு வாறதுகளும் இரிக்கு.

போன வருசம் அப்பிடி வந்ததுல ஒரு ஆள். பேர் வேணாம். நீலக் காற்சட்டை ரெண்டு சைஸ் பெரிசு, இடுப்புல ஊசி குத்தி நிக்குது, காலையில பூசின தேங்கண்ணை காதுப்பக்கம் வழியுது. மூணாம் நாளோ நாலாம் நாளோ, நான் கரும்பலகையில தேதி எழுதிக்கொண்டு நிக்கன், பின்னுக்கு இருந்து ஒரு சத்தம்.

"டீச்சர், இஞ்ச வா. இதப் பாரு."

வகுப்பு அப்பிடியே அமைதி. இருவத்தாறு புள்ளையள், ஒண்டு மூச்சு விடல்ல. முன் வாங்குல இருந்த ஒரு பெட்டைக்குட்டி, அவட அம்மாவும் டீச்சர்தான், வாயில கைய வச்சிக்கொண்டு "ஐயோ டீச்சர், இவன் உங்கள வா எண்டுறான்" எண்டு நெருப்புப் பத்தின மாதிரி சொல்லுறா. அவனுக்கு ஒண்டும் விளங்கல்ல. அவன் வாங்குக்குக் கீழ ஒரு மரவட்டையைக் கண்டுபிடிச்சிரிக்கான், அதைக் காட்டத்தான் கூப்பிடுறான், அதுல என்ன பிழை?

நான் படிச்ச காலமெண்டா அந்த இடத்திலயே காது சிவந்திரிக்கும். எங்கட ரெண்டாம் வகுப்பு டீச்சர் ஒரு புள்ளைக்குக் கேட்டது இப்பவும் ஞாபகம், "வா எண்டு கூப்பிட நான் என்ன உன்ட வீட்டு ஆடா?" எண்டு. அந்தப் புள்ளை அதுக்குப் பிறகு டீச்சரை வா எண்டும் கூப்பிடல்ல, வாங்க எண்டும் கூப்பிடல்ல, அந்த வருசம் முழுக்க வாயே திறக்கல்ல. அந்தப் புள்ளை ஆர் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

சரி, நான் போனன். குனிஞ்சி மரவட்டையைப் பார்த்தன். தொட்டா சுருளும் எண்டு காட்டினன். மறுகா அவன்ட காதுக்குள்ள, "டீச்சரை வாங்க எண்டு கூப்பிடணும், சரியா?" எண்டன். அவன் தலையாட்டினான். அஞ்சு நிமிசத்துல திரும்ப, "டீச்சர், வாங்க, அது போயிட்டு, இனி நீ போ."

இவன்ட கதை என்னெண்டா, தாய் குவைத்துல, வீட்டுப் பணிப்பெண்ணா. தகப்பன் வேற இடம். அம்மம்மாதான் வளர்க்கிறா. எங்கட பள்ளிக்கூடம் படுவான்கரையில. (வெளியூர் ஆக்களுக்காகச் சொல்லுறன், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால சூரியன் எழுற பக்கம் எழுவான்கரை, மேற்கால படுற பக்கம் படுவான்கரை. பேர் வச்ச மனிசன் வடிவா வச்சிரிக்கான்.) அந்த வீட்டுல அம்மம்மாவும் பேரனும் ரெண்டு மாடும் ஒரு நாயும். அவன் நாலு பேரோடையும் கதைக்கிறது ஒரே மாதிரி. "வா", "போ", "இரி", "தின்". அதுல மரியாதைக்குறைவு எண்டு ஒரு துளி இல்ல. அம்மம்மாவை "நீ" எண்டுறான், அவ மடியிலதான் படுக்கிறான். அப்ப என்னையும் "வா" எண்டு கூப்பிட்டது என்னைய அந்த நாலு பேரோட அஞ்சாவது ஆளாச் சேர்த்த கணக்கு. அதை நான் அவமரியாதை எண்டு எடுத்தா என்னைவிட மடைச்சி இல்ல.

ஆனா அப்பிடியே விடவும் ஏலாது. இவன் நாளைக்கு அதிபரிட்ட "சேர், இஞ்ச வா" எண்டா, ஒபிஸ்ல போய் "நீ" எண்டா, உலகம் இவன்ட அம்மம்மா வீடு இல்ல. படிப்பிக்கத்தான் வேணும். எப்பிடி எண்டதுதான் கதை.

எங்கட பள்ளிக்கூடங்கள்ல மரியாதை படிப்பிக்கிறது எண்டா என்ன செய்யுறம்? ஆரும் வகுப்புக்குள்ள வந்தா எழும்பி நிண்டு, ராகம் இழுத்து, "வ...ணக்க்க்கம் டீச்ச்ச்சர்". ஊர் ஊரா ஒரே ராகம், ஆர் மெட்டுப் போட்டதோ தெரியாது, களுவாஞ்சிக்குடியிலயும் அதுதான், வாழைச்சேனையிலயும் அதுதான். வலயக் கல்வி அலுவலகத்துல இருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தாலும் அதே ராகம். "இரிங்க" எண்டு சொன்னா பொத்தெண்டு இருக்கும். சரியான வடிவாத்தான் இரிக்கும், நானும் அதுல பெருமைப்பட்டிரிக்கன். ஒருநாள் விளையாட்டுக்கு ஒரு பொடியன் வெறும் கதவைப் பார்த்து நிண்டு "வணக்கம்" எண்டு தொடங்க, முழு வகுப்பும் எழும்பிப் பாடி முடிச்சிட்டு இருந்துட்டுதுகள். வாசல்ல ஒரு ஆளும் இல்ல! அண்டைக்குத்தான் எனக்கு ஒள்ளுப்பம் உறைச்சது, இது மரியாதை இல்ல, இது ஒரு பாட்டு.

அதே புள்ளையள் சாப்பாட்டு நேரம் என்ன செய்யுதுகள் எண்டு பாருங்க. பள்ளிக்கூடத்துல போசாக்கு உணவு குடுக்கிறது தெரியும்தானே, தாய்மாருதான் முறை வச்சி சமைச்சிக் கொண்டாறது, சோறு, பருப்பு, கீரை, சில நாள் முட்டை, சில நாள் நெத்தலி. ஒருநாள் வரிசையில நிண்ட ஒரு புள்ளை, நல்லா வணக்கம் பாடுற புள்ளைதான், கோப்பையை நீட்டி, "ஏய், முட்டை போடு" எண்டுது. போட்டது அதுட தாய் வயசுல ஒரு மனிசி. அந்த மனிசி சிரிச்சிக்கொண்டே போட்டா. எனக்குத்தான் சுருக்கெண்டுது. அந்த "ஏய்" எனக்குத் தெரிஞ்ச "ஏய்". தாளமும் தெரியும், மூக்கால வாற அந்த இழுவையும் தெரியும். அது வீட்டுல பழகினது இல்ல. எங்கட ஸ்டாப் ரூம்ல ஒரு ஆள், கூட்டுறதுக்கு வாற அம்மாவைக் கூப்பிடுற "ஏய்" அது. அந்த அம்மாவுக்கு எப்பிடியும் அறுவது வயசு இரிக்கும், கூப்பிடுற ஆளுக்கு முப்பத்தஞ்சு. வராந்தாவுல நிண்டு "ஏய், இஞ்ச வா, இதக் கூட்டு" எண்டு கூப்பிட, ஆரம்பப் பிரிவு முழுக்க கேட்கும். ஒவ்வொரு நாளும். அதுக்குள்ள நான் சுற்றாடல் பாடத்துல "பெரியோரை மதிப்போம்" எண்டு படம் ஒட்டிக்கொண்டு நிக்கன்.

மற்ற ஆளைச் சொல்லுறது சுகம். நான் என்ன செய்யுறன் எண்டு ஒருக்கா என்னையே கவனிச்சிப் பார்த்தன். "டேய் வாடா இஞ்ச." "என்னடி கதை அங்க?" "வாயப் பொத்து." "இரி ஒழுங்கா." பாசத்தோடதான் சொல்லுறன், மனே எண்டும் சொல்லுறன்தான், ஆனா காது இரிக்கிற புள்ளைக்குக் கேட்கிறது வாடா போடாதானே. நான் வாடா எண்டு கூப்பிட்டு, அது எனக்கு வாங்க எண்டு வரணும். இதென்ன கணக்கு?

அண்டைக்கு ஒரு முடிவெடுத்தன். இந்தத் தவணை முழுக்க புள்ளையளை "நீங்க", "வாங்க", "இரிங்க" எண்டுதான் கதைக்கிறது. சொல்ல லேசு. கரும்பலகை மூலையில ஒரு பெட்டி கீறினன், நான் வா, போ, டேய் எண்டு பிழைவிட்டா ஆர் கண்டாலும் எழும்பி வந்து ஒரு கோடு போடலாம் எண்டன். தரம் ஒண்டுக்கு எழுத்துத் தெரியாது, கோடு தெரியும். முதல் நாள் பத்து மணிக்குள்ள பதினாலு கோடு. என்ட வாயில இருந்து வாற ஒவ்வொரு சொல்லையும் அதுகள் பூனை எலியப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிரிக்குதுகள், என்ட வாழ்க்கையில ஒரு வகுப்பு என்னைய அவ்வளவு கவனமாக் கேட்டதே இல்ல. கோடு போட வாற புள்ளையை "தள்ளு, தள்ளு" எண்டு சொல்லி அதுக்கொரு கோடு. ஸ்டாப் ரூம்ல கேட்கவே வேணாம், "என்ன டீச்சர், உங்கட வகுப்புல எல்லாரும் டைரக்டர்மாரா?" எண்டு ஒரே பகிடி.

ரெண்டு கிழமை போச்சு. கோடு நாலு அஞ்சுக்கு வந்திட்டு. புள்ளையளுட வாயும் மாறிட்டு, ஆனா நான் நினைச்ச மாதிரி இல்ல. எங்கட மரவட்டைப் பொடியன் எல்லாருக்கும் வாங்க போங்கதான். வராந்தாவுல ஒரு ஆடு ஏறி நிண்டதுக்கு, வாசல்ல போய் நிண்டு ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு, "ஆடு, வெளியால போங்க. நாங்க படிக்கிறம்." ஆடு போகல்ல. "போங்க எண்டுறன்தானே!" சிரிச்சிச் சிரிச்சி எனக்கு வயிறு நோவு.

இதுக்குள்ள ஒரு தகப்பன் வந்தாரு. நல்ல மனிசன், வயல் செய்யுறவரு, வரக்குள்ள ஒரு கட்டு கீரையும் கொண்டுவந்தவரு. "டீச்சர், நீங்க புள்ளையளுக்கு மரியாதை குடுக்கிறீங்களாம், நல்லம், ஆனா இவனுக்கு வீட்டுல பயம் இல்லாம போச்சு. அடியாத மாடு படியாது டீச்சர். கண் ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிங்க, நான் ஒண்டும் கேட்க மாட்டன்." பிரம்பும் வெட்டித் தரவா எண்டு கேட்டாரு. பாடசாலையில அடிக்கக் கூடாது எண்டு கல்வி அமைச்சின்ட 12/2016 சுற்றறிக்கை இரிக்கு எண்டு சொன்னன், அவரு சிரிச்சாரு. சுற்றறிக்கை வயலுக்கு வாறதில்லதானே. மறுகா நான் கேட்டன், "நீங்க அடிச்சா அவன் கேட்கிறானா?" "அடிச்ச நேரம் கேட்பான்." "பிறகு?" "பிறகு திரும்ப அடிக்கணும்." அவருக்கே சிரிப்பு வந்திட்டு. கீரையை மட்டும் வச்சிட்டுப் போனாரு.

பயத்துல வாற அமைதி எனக்கு நல்லாத் தெரியும், நான் கரும்பலகைப் பக்கம் கிறுகினவுடன முடியிற அமைதி அது.

இதோட இன்னொரு கரைச்சல், "நன்றி", "தயவுசெய்து", "சொறி". முன்பள்ளியில இருந்து பழகிக்கொண்டு வருதுகள், நல்லம். ஆனா எங்கட ஊர்ல ஆரு கடையில போய் "தயவுசெய்து அரைக் கிலோ சீனி தாங்க" எண்டு கேட்கிறது? கேட்டா முதலாளி பயந்திருவாரு. பக்கத்து வீட்டுல இருந்து கறி வந்தா நன்றி எண்டு ஆரும் சொல்லுறதில்ல, அந்தக் கோப்பையை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறதில்ல, அதுதான் நன்றி. ஒரு முருங்கைக்காயாவது போட்டுத்தான் போகும். வெளிக்கிடக்குள்ள "போறன்" எண்டு சொன்னா அம்மம்மாமார் ஏசுவாங்க, "போயிட்டு வாறன் எண்டு சொல்லு". நான் அதைத்தான் முதல்ல படிப்பிக்கிறன். பதினொண்டரைக்கு மணி அடிச்சா என்ட வகுப்பு "போயிட்டு வாறம் டீச்சர்" எண்டுதான் வெளிக்கிடும், ராகம் கிடையாது, ஒவ்வொரு ஆளா, என்ட முகத்தப் பார்த்து. கொப்பியை ஒரு கையால எறியாம ரெண்டு கையால நீட்டுறது, புத்தகத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்துறது, அதுகள் வீட்டுலயே தெரிஞ்சி வருதுகள்.

"சொறி"தான் சரியான கூத்து. ஒருவன் மத்தவன்ட மண்டையில தண்ணிப் போத்தலால குடுத்திட்டு, குடுத்த கை இறங்க முதல் "சொறி" எண்டுறான். சொல்லிட்டா கணக்கு முடிஞ்சிதாம். நான் சொன்னன், சொறி எண்டு சொல்லக் காணாது, அவனுக்கு நொந்த இடத்தைத் தடவி விடுங்க, தண்ணி எடுத்துக் குடுங்க, அவன் அழுது முடியுமட்டும் பக்கத்துல இரிங்க. பக்கத்துல இரிக்கிறது அதுகளுக்கு அடியைவிடக் கஷ்டமா இரிக்கு. பாதியில ரெண்டும் சேர்ந்து மரவட்டை தேடப் போயிரும்.

ஒருநாள் காத்தான்குடியில இருந்து சட்டிபானை, பிளாஸ்டிக் சாமான் விக்கிற ஒரு காக்கா மோட்டச்சைக்கிள்ல வந்தவரு, வெயிலுக்கு ஒதுங்கி எங்கட வராந்தாவுல நிண்டாரு. நான் புள்ளையளிட்ட, "காக்கா வந்திரிக்காரு, தண்ணி குடுங்க" எண்டன். எல்லாம் கூரையைப் பார்க்குதுகள்! எங்கட ஆக்கள் காகம் எண்டுதான் சொல்லுற, ஆனா இதுகள் யூடியூப்ல இந்தியாக் கார்ட்டூன் பார்த்துப் பார்த்து காக்கா எண்டா கறுப்புப் பறவைதான். அந்த மனிசனும் சிரிச்சி, "நான் பறக்கிற காக்கா இல்ல மகன்" எண்டாரு. முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் காக்கா எண்டுதான் கூப்பிடுவாங்க எண்டு அண்டைக்குச் சொல்லிக் குடுத்தன். அது பாடத்திட்டத்துல இல்ல, ஆனா மட்டக்களப்புல சீவிக்கிற புள்ளைக்கு இது தெரியாட்டி வேற என்ன தெரிஞ்சி என்ன.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன்.

ஒரு வெள்ளிக்கிழமை மரவட்டைப் பொடியன்ட அம்மம்மா வந்தா. கையில ஒரு வெள்ளரிப்பழம், வெடிச்சி வாசம் அடிக்குது. கதிரையில இருக்க மாட்டா, எவ்வளவு சொல்லியும் நிண்டுகொண்டே, "டீச்சர், குறை நினைக்காதீங்க" எண்டு தொடங்கினா. மகள் குவைத்துல இருந்து வட்ஸ்அப்ல எடுத்தவவாம். பொடியன் போனைப் பிடிச்சி, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா? நீங்க எப்ப வருவீங்க?" எண்டு வடிவாக் கேட்டிரிக்கான். நான் படிப்பிச்ச மாதிரியே. அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். மறுகா அம்மம்மா போனை வாங்கினா, மகள் விம்மி விம்மி அழுறாவாம். "நான் வந்து ரெண்டு வருசத்துல என்ட புள்ளைக்கு நான் பிற ஆளாப் போயிட்டன்" எண்டு.

எனக்கு என்ன சொல்லுற எண்டு தெரியல்ல. அந்த வெள்ளரிப்பழத்தையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

ஏன் எண்டா நானே என்ட அம்மாவை நீ எண்டுதான் கதைக்கிறன். "அம்மா, நீ மருந்து குடிச்சயா?" எண்டு. நீங்க எண்டு ஒருநாள் கதைச்சா அவ, "என்ன, கோவமா?" எண்டு கேட்பா. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்குக்குப் போறம், அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தி நேரம் கண்ணால தண்ணி ஓட நிண்டு கும்பிடுறம், "தாயே, நீதான் காப்பாத்தணும்" எண்டுதானே சொல்லுறம், ஆராவது "நீங்கதான் காப்பாத்தணும்" எண்டு சொல்லிக் கேள்விப்பட்டிரிக்கிறீங்களா? அப்ப ஆகப் பெரிய ஆளுக்கும் நீ, ஆகக் கிட்டின ஆளுக்கும் நீ. நீங்க எண்டுறது நடுவுல நிக்கிற ஆக்களுக்கு. இதை நான் படிப்பிக்க மறந்திட்டன். தாளங்குடா கல்வியியற் கல்லூரியில ஆரம்பக் கல்வி படிச்சி வந்தவள்தான் நான், உளவியல் நோட்ஸ் இன்னும் பெட்டிக்குள்ள இரிக்கு, ஆனா ஒரு சொல்லால ஒரு தாயை அழவைக்க ஏலும் எண்டு அதுல எழுதியிருந்த மாதிரி ஞாபகம் இல்ல.

எனக்கு மண்முனைப் பாதைதான் ஞாபகம் வந்தது. (பாதை எண்டா றோட்டு இல்ல, ஆக்களையும் சாமானையும் ஏத்தி வாவியைக் கடக்கிற மிதவை.) முதல் நியமனம் கிடைச்ச நேரம் இப்ப இரிக்கிற பாலம் இல்ல, பாலம் 2014லதான் திறந்த, அதுக்கு முதல் வாவியைக் கடக்கிறதெண்டா பாதையிலதான். மோட்டச்சைக்கிள், அரிசி மூட்டை, கோழி, ஆக்கள், எல்லாம் ஒண்டா. எனக்கு அப்ப இருவத்தி மூணு வயசு. ஏறினவுடன ஒரு வயசான மனிசன், கால் நடுங்குது, இருந்த இடத்த விட்டு எழும்பி "டீச்சர், நீங்க இரிங்க" எண்டாரு. நான் மாட்டன் எண்டன், அவரு விடல்ல. கடைசியில ரெண்டு பேரும் நிண்டுகொண்டுதான் அக்கரைக்குப் போனம், இருந்த இடத்துல கோழி ஏறி இருந்துட்டு. அந்த "நீங்க"வை நான் உழைச்சி எடுக்கல்ல, அது எனக்கு முதல் அந்தப் பாதையில போன டீச்சர்மார் சேர்த்து வச்சிட்டுப் போனது. அந்த மனிசனுக்குத் தெரியும் ஆரை நீங்க எண்டுறது, ஆரை நீ எண்டுறது எண்டு, அவருக்கு அதை ஒருவரும் கோடு போட்டுப் படிப்பிச்சிரிக்க மாட்டாங்க.

நான் கோடு போட்டுத்தான் படிப்பிச்சன். திங்கக்கிழமை வகுப்பு நடுவுல வெண்கட்டியால தரையில நீளமா ஒரு கோடு. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் றோட்டு. வீட்டுப் பக்கம் நிண்டா அம்மா, அம்மம்மா, தங்கச்சி, பூனை, எப்பிடிக் கதைப்பயளோ அப்பிடிக் கதைக்கலாம். கோட்டைத் தாண்டினா கடைக்காரர், பஸ் கொண்டக்டர், அதிபர், சோறு போடுற அம்மா, கூட்டுற அம்மா, எல்லாருக்கும் வாங்க. கூட்டுற அம்மாவையே கூப்பிட்டு நிக்க வச்சன், அவ வெட்கப்பட்டு சீலைத்தலைப்பால வாயப் பொத்திக்கொண்டு நிண்டா, ஒவ்வொரு புள்ளையும் போய் "அம்மா, இஞ்ச வாங்க, தண்ணி குடிங்க" எண்டு கூப்பிட்டுதுகள். வராந்தாவுல போன அந்த "ஏய்" டீச்சர் ஒரு நிமிசம் நிண்டு பார்த்திட்டுப் போனா. ஒண்டும் சொல்லல்ல. நானும் சொல்லல்ல. (அடுத்த நாளும் அதே "ஏய்"தான், நான் பொய் சொல்ல மாட்டன்.)

மரவட்டைப் பொடியன்ட முறை. வீட்டுப் பக்கம் நிண்டான், கையை போன் மாதிரி காதுல வச்சான். "அம்மா, நீ சாப்பிட்டயா?" எண்டான். என்னைப் பார்த்தான், சரியா எண்டு. நான் தலையாட்டினன், கதைக்க வரல்ல எனக்கு.

அவன் போகல்ல, அங்கயே நிக்கான். கோட்டைப் பார்க்கான், என்னைப் பார்க்கான். நான் நடுவுல கால் ரெண்டும் கோட்டுக்கு மேலயே நிக்கிறன், கவனிக்கல்ல.

"டீச்சர், அப்ப நீங்க எந்தப் பக்கம்?"

"டீச்சரை வாங்க எண்டுதானே சொல்லுற" எண்டன்.

"அது தெரியும். எந்தப் பக்கம்?"

இருவத்தாறு பேரும் பார்த்துக்கொண்டிரிக்குதுகள். என்ன மறுமொழி சொல்லுற எண்டு யோசிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டு, நானும் தப்பினன் எண்டு, "சரி, இப்ப போய் பேக்கை எடு" எண்டன்.

அவன் பேக்கை எடுக்கல்ல. நேரா கரும்பலகைக்குப் போய், நுனிக்கால்ல எம்பி, மூலையில இருந்த பெட்டிக்குள்ள ஒரு கோடு போட்டான்.